மூன்றாவது குழியின் பொட்டாசியம்

1

பிப்ரவரியில் ஒரு நாள் சுங்கத்துறையிலிருந்து கடிதம் வந்தது. நாகலூரிலிருந்து அக்கா அனுப்பிய பார்சலை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். காப்பித் தூளும் மிளகும் பிரச்சினை இல்லை. அவற்றோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் சாம்பல் நிறத் தூள் இருக்கிறது, அது என்ன என்று இணைத்துள்ள படிவத்தில் விளக்க வேண்டும் என்றிருந்தது.

சேர்வராயன் கோயில் திருநீறு. வேறென்ன.

நான் இருப்பது நார்வேயின் வடக்கே, டிரோம்சோ என்ற ஊரில். இந்த வருடத்தோடு இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டுப் படிவங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும், கேட்டதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும். ஏற்காட்டு அலுவலகம் என்றால் உள்ளே போய், "ஏனுங்க, இது என்னன்னு உங்களுக்கே தெரியாதுங்களா" என்று சிரித்தால் காரியம் முடிந்துவிடும். இங்கே சிரிப்பதற்கு ஆள் கிடையாது. படிவம்தான் இருக்கிறது.

பொருள் உணவா, மருந்தா, அழகுசாதனமா என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் டிக் போட முடியவில்லை. அடுத்து, அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற கேள்வி. இது என் தொழில். நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேதியியல் உதவியாளர். கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சிலிக்கா என்று எழுதினேன். சாணத்தைச் சுட்டு எடுத்தது என்று எழுதினால் கால்நடைத் துறைக்கும் ஒரு கடிதம் போகும். எனவே "முழுவதும் எரிந்த சாம்பல்" என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லை. பயன்பாடு என்ற இடத்தில் "நெற்றியில் பூச" என்றேன்.

கடைசிக் கேள்வி, "இதைப் பயன்படுத்துவதால் ஏற்படும் விளைவு?" அங்கே ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து, திரும்ப மடித்து, நூல் கட்டி அனுப்பியிருந்தார்கள். அக்கா கட்டியதைவிட அழகாக இருந்தது.

2

என் வேலையைப் பற்றி ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒவ்வொரு ஏப்ரலும் மூன்று வாரம், துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறேன். அங்கே பனிமலைகளின் மேல் ஆளுயரக் குழி தோண்டி, அந்த வருடம் விழுந்த பனியை அடுக்கு அடுக்காகச் சுரண்டி, புட்டிகளில் நிரப்பி, உருகாமல் எடுத்து வந்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

எங்கள் ஏற்காட்டில் பனி என்றால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு காலை பஸ்ஸைத் தாமதப்படுத்துவது. அதற்குள் கையை விட்டால் ஒன்றும் கிடைக்காது. இங்கே பனி என்பது ஒரு பதிவேடு. செப்டம்பரில் விழுந்தது அடியில் கிடக்கும், ஏப்ரலில் விழுந்தது மேலே. கடல் கொந்தளித்த வாரம் சோடியமும் குளோரைடும் கூடியிருக்கும். எங்கோ புழுதி பறந்தால் கால்சியம். தொழிற்சாலைப் புகை வந்தால் சல்பேட், நைட்ரேட். காடோ வயலோ எரிந்த புகை வந்தால் பொட்டாசியம். கோடையில் பனி உருகத் தொடங்கியதும் முதலில் வடியும் நீரிலேயே உப்பெல்லாம் பெரும்பாலும் ஓடிவிடும். அதற்குள் போய் எடுத்தால்தான் உண்டு.

இதெல்லாம் எவ்வளவு கொஞ்சம் என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். ஒரு தண்ணி லாரி நிறைய நல்ல தண்ணீர் பிடித்து அதில் ஒரே ஒரு உப்புக்கல்லைக் கரைத்தாலும் எங்கள் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே குழிக்குள் இறங்கும்போது தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கையில் புது பிளாஸ்டிக் உறை, வாயில் துணி. கம்பளி வெளியே தெரியக் கூடாது. முகத்தில் க்ரீம் கூடாது. திருநீறும் கூடாது. ஏப்ரல் வந்தால் நான் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன் என்பது அக்காவுக்கு ஆறாத வருத்தம்.

அக்கா பூங்கொடி நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகை எழுதுவது, பழம் எடை போடுவது எல்லாம் அவள்தான். தினமும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் இருக்கும் மழைமானியைத் திறந்து, விழுந்த மழையை அளந்து நோட்டில் எழுதுவதும் அவள்தான். பூ மழை எப்போது பெய்தது, எத்தனை நாள் கழித்துக் காப்பிப் பூ வெடித்தது என்று இருபது வருடத்துக்கு ஒப்பிப்பாள். யோசித்துப் பார்த்தால் ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பேருமே வானத்திலிருந்து விழுவதை அளந்து சம்பளம் வாங்குகிறோம்.

எங்கள் குழுவின் தலைவர் ஹோகோன். பனியில் முப்பது வருடம் இருந்தவர், அதிகம் பேசாதவர். ரேடியோவில் அவர் என்னைக் கேள்வி கேட்டால் நான் இந்த ஊர் வழக்கப்படி "யா" என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று அர்த்தம். நமக்கு மூத்தவரிடம் மொட்டையாக "யா" என்று சொல்ல வாய் வருமா? முதல் வருடமே "யாங்க" என்று வந்துவிட்டது. அவர் அதை ஏதோ முறையான ரேடியோச் சொல் என்று எடுத்துக்கொண்டார். இப்போது குழு முழுவதும் "யாங்க" என்றுதான் சொல்கிறது. சேலம் ஜில்லாவிலிருந்து நான் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரே பொருள் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஊர்ப் பேச்சை என் வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை என்பதுதான் என் குறை. மகள் ஆதிரைக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். அக்கா போனில் வந்தால் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். சின்ன வயதில் ஒரு நாள் திருநீற்றோடு பள்ளிக்குப் போனாள். பக்கத்துப் பெண் அதை அழுக்கு என்று நினைத்து அன்பாகத் துடைத்துவிட்டாள். அதன்பின் அவள் வைத்துக்கொள்வதில்லை. போன வருடம், "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். என் கணவர், "சரி, ரசம் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றாள். அந்த அளவில் அமைதியாக முடிந்தது. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

அதே பெண் இந்த ஏப்ரலில் நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு ஜோடி மணிக்கட்டு உறை கொடுத்தாள். பள்ளியில் பின்னல் வகுப்பில் அவளே பின்னியது. விரல் மூடாமல் மணிக்கட்டை மட்டும் சுற்றி நிற்கும் சாம்பல் நிறக் கம்பளி. ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தது. "குளிராத நாளில் போட வேண்டாம், நல்லாக் குளிர்ற நாளில் போடுங்க" என்று தமிழில் சொன்னாள். தமிழில் சொன்னதே எனக்குப் போதும். அதற்குமேல் நான் எதையும் கவனிக்கவில்லை.

அந்த முறை மூன்று குழி. முதல் இரண்டு நாளும் வெயிலடித்தது. மூன்றாவது நாள் காற்றோடு குளிர் வந்து, கை உறைக்கும் அங்கிக்கும் நடுவே உள்ள விரலகல இடைவெளியில் கத்தியாக இறங்கியது. நான் அந்தக் கம்பளியை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். வெளியே தெரிந்தது. கூடாது என்று தெரியும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறையும் செய்யாததைச் செய்தேன். மகள் பின்னியது என்ற ஒரே காரணம்தான்.

தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பனிச்சுவரின் மேல்பாதியை நான் சுரண்டினேன். ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஒரு புட்டி. கை மரத்துப்போனதும் ஹோகோன் இறங்கிக் கீழ்ப்பாதியை எடுத்தார்.

4

ஜூனில் அளவுகள் வந்தன. முதல் இரண்டு குழிகளும் எப்போதும்போல. மூன்றாவது குழியின் மேல்பாதியில் பொட்டாசியம் மலை மாதிரி எழுந்து நின்றது.

ஹோகோன் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வசந்த காலத்தில் தெற்கே வயல்களை எரிக்கும் புகை இந்தப் பனிமலை வரை வந்து படிகிறது என்பது அவர் மூன்று வருடமாகச் சொல்லிவரும் ஊகம். அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று திட்டத்தை நிறுத்தும் பேச்சும் இருந்தது. இப்போது சான்று கிடைத்துவிட்டது. அன்று மதியமே நான்கு பேருக்குக் கடிதம் எழுதினார். மாதக் கடைசியில் நடக்கும் கூட்டத்தில் இதைத்தான் காட்டப் போவதாகச் சொன்னார். அவர் விசிலடித்து நான் கேட்டது அன்றுதான்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று இடித்தது. புகை என்றால் பொட்டாசியத்தோடு அம்மோனியமும் கூடியிருக்க வேண்டும். அது அசையாமல் கிடந்தது. அதற்குப் பதிலாகக் கால்சியமும் மெக்னீசியமும் ஏறியிருந்தன. கூடவே பாஸ்பேட். அந்தப் பனியில் பாஸ்பேட்டுக்கு என்ன வேலை?

கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட். இந்த வரிசையை எங்கேயோ எழுதியிருக்கிறேனே என்று நினைத்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது நினைவு வந்தது. சுங்கப் படிவம். என் கையெழுத்து.

வீட்டுக்குப் போனதும் சாமி அலமாரியைத் திறந்தேன். பொட்டலம் பாதியாகியிருந்தது. நான் அதிலிருந்து எடுத்தது நாலைந்து முறை இருக்கும். என் கணவர் திருநீற்றை ஆயுத பூஜைக்குத்தான் தொடுவார். பையிலிருந்த கம்பளி உறைகளை எடுத்து ஒரு கறுப்புத் துணியின் மேல் தட்டினேன். மெல்லியதாக வெள்ளையாக விழுந்தது. சாம்பல் நிறக் கம்பளியில் சாம்பலைத் தேய்த்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் யாரும் வருவதற்கு முன் ஓர் உறையைச் சுத்த நீரில் அலசி, அந்த நீரைக் கருவியில் ஏற்றினேன். மூன்றாவது குழி அப்படியே வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஹோகோனுக்குத் திட்டம் நிற்கும். எனக்குச் சுத்தமான கை என்ற பேர் நிற்கும். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். நிறத்தையும் உச்சரிப்பையும் தாண்டி என்னை அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டது அதுதான்.

5

மாலை ஆதிரை பள்ளியிலிருந்து வந்தாள். மேசை மேல் கம்பளி உறைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதுல திருநீறு போட்டியா?" என்று கேட்டேன்.

நார்வேஜிய மொழியில் தெரியாது என்றாள். பிறகு காலணியைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே தரையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "பெரிம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'உங்கொம்மா நெத்தியில வெச்சா களுவிப்போடும். களுவாத எடமாப் பாத்து வெச்சுரு சாமி'ன்னாங்க. நாந்தான் இதுல தேச்சேன். நொம்ப இல்லீங்கம்மா. கொஞ்சந்தான்."

நான் திகைத்துப்போனது திருநீற்றுக்காக அல்ல. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? "நொம்ப" என்று நானே சொல்லிப் பல வருடமாகிறது. சென்னைப் பெண்களோடு விடுதியில் இருந்தபோது அவர்கள் சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். என்னிடம் இல்லாத என் பேச்சு என் மகளிடம் இருந்தது. கேட்டபோது சொன்னாள், நான் ஏப்ரலில் போய்விடும் வாரங்களில் அவளாகவே பெரியம்மாவைக் கூப்பிடுவாளாம். மூன்று வருடமாக. மழை எத்தனை பெய்தது, மிளகு காய்த்ததா என்றெல்லாம் பேசுவார்களாம். என் முன்னால் பேசினால் நான் உச்சரிப்பைத் திருத்துவேனாம். அதனால்தான் இரண்டு வாக்கியத்தோடு போனை நீட்டிவிடுவது.

"உனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லியே?"

"இல்லீங்கம்மா. ஆனா அங்க கரடி இருக்குதுல்லீங்க."

வெள்ளைக்கரடிக்காக ஹோகோன் துப்பாக்கி வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவரையும் அவள் முழுக்க நம்பவில்லை போலிருக்கிறது. நான் பனியில் என்ன நடந்தது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னாலதானுங்களா?"

"உன்னால இல்ல. வெளிய தெரியக் கூடாதுன்னு தெரிஞ்சும் போட்டது நான்."

அதைச் சொன்ன பிறகு, ஹோகோனிடம் சொல்லாமல் இருப்பதைப் பற்றி யோசிக்க ஒன்றும் பாக்கி இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். சண்டை பிடிப்பதற்காகத்தான் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, துண்ணூறு அத்தன தூரம் காட்டிக் குடுக்குதா?" என்றாள். குரலில் கொஞ்சம்கூடக் குற்றவுணர்ச்சி இல்லை, பெருமைதான் இருந்தது.

"ஒரு குழி வேலை போச்சுங்கக்கா. அவருக்கு நான் என்னன்னு சொல்றது?"

"இருக்கறதச் சொல்லு. இங்க ஒருக்கா மழமானியக் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு. நா என்ன மனசுக்கு வந்த அளவயா எழுதுனேன்? 'அளவு இல்லை, குரங்கு'ன்னு எழுதி வெச்சேன். தொர நோட்டப் பாத்துச் சிரிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டாரு. நீயும் எழுதிப்போடு கண்ணு."

"நான் குரங்குன்னா எழுதறது?"

"செஞ்சது குரங்கு வேலதானே" என்றாள்.

6

ஹோகோன் முன்னால் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது குழி ஒன்று, கம்பளி அலசிய தண்ணீர் ஒன்று. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது என்ன சாம்பல் என்று மட்டும் கேட்டார். மகள் செய்ததைச் சொன்னேன். அவர் கூட்டத்துக்குத் தயாரித்திருந்த படத்தைத் திறந்து, அந்தப் பொட்டாசிய மலையை அழித்தார். பிறகு நான்கு பேருக்கும் மறுப்புக் கடிதம் எழுதினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நம் பக்கம் கோபம் வந்தால் நாலு வார்த்தை வரும், பின்னாலேயே காப்பியும் வரும். இங்கே கோபம் ஓசையில்லாமல் இருக்கும். மூன்றாம் நாள் கிடங்கில் கருவிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தோம். கயிறு, மண்வெட்டி, புட்டிப் பெட்டி என்று நான் பட்டியலை வாசித்தேன். "அடுத்த ஏப்ரலுக்கு எத்தனை அங்கி, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"யாங்க" என்றார் ஹோகோன்.

திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். புகை வருகிறது என்பதற்காக அல்ல, இரண்டு குழியின் அளவுகள் சுத்தமாக இருக்கின்றன என்பதற்காக. அறிக்கையில் விலக்கப்பட்ட மாதிரிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் மூன்றாவது குழிக்கு நேரே காரணம் எழுத வேண்டும். "சாம்பல், உதவியாளரின் வீட்டிலிருந்து" என்று எழுதினேன். ஹோகோன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

7

தீபாவளிக்கு அக்கா மறுபடி பார்சல் அனுப்பினாள். மறுபடி கடிதம் வந்தது. அதே படிவம், அதே சாம்பல் நிறத் தூள்.

நான் அடுப்படியில் கையில் மாவோடு இருந்தேன். ஆதிரை, "நான் எழுதறேனுங்கம்மா, எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் அவள் என் முன்னாலேயே பெரியம்மாவோடு பேசுகிறாள். நான் திருத்துவதில்லை. சொல்லப்போனால் எனக்கே இரண்டொரு சொல் திரும்ப வந்திருக்கிறது. வரும் ஏப்ரலுக்கு என்ன செய்வது என்றும் முடிவு செய்துவிட்டோம். கம்பளி வீட்டில் இருக்கும். திருநீறு ஒரு புட்டியில், இறுக மூடி, இரண்டு பைக்குள், என் சட்டைப் பையில் வரும்.

கை கழுவிவிட்டு வந்து படிவத்தைப் பார்த்தேன். உணவு, மருந்து, அழகுசாதனம் மூன்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் அவளே பெயரில்லாத ஒரு கட்டம் வரைந்து டிக் போட்டிருந்தாள். என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற இடத்தில் நான் சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் வரிசையாக இருந்தது. சாணம் என்றும் நேர்மையாக எழுதியிருந்தாள். கால்நடைத் துறைக்கு ஒரு கடிதம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கேள்வியில், போன முறை நான் கோடு போட்டு விட்ட இடத்தில், குண்டுகுண்டான பள்ளிக்கூட எழுத்தில் நார்வேஜிய மொழியில் எழுதியிருந்தாள்:

"விளைவு: அம்மா திரும்பி வந்துவிடுவார்."

படிவம் அனுப்பிய நான்காம் நாளே பார்சல் வந்துவிட்டது. இந்த முறை பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அக்கா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.